லிஃப்ட் இல்லாமல் பனிமலை ஏறணுமா? முதலில் டோக்கன்

பாம்பன், மண்டபம் பக்கத்திலிருந்து அமெரிக்காவின் கொலராடோவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் யாராவது காலில் நீளப் பலகை மாட்டிப் பனியில் சறுக்கும் ஸ்கீ கற்றுக்கொண்டு, மலைமேல் தூக்கிப்போகிற லிஃப்டுக்கு ஏன் காசு, நடந்தே ஏறிவிடலாம் என்று நினைத்தால் கொஞ்சம் பொறுங்கள்.

ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ என்ற பட்டையை ஒட்ட வேண்டும். மொஹேர் என்கிற ஆட்டு முடி அல்லது நைலான் முடி. சுறாத் தோலைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுக்கும், திருப்பித் தடவினால் கை சிராய்க்கும் இல்லையா, அதே சங்கதிதான்; மேலே நகரும், பின்னால் வழுக்காது. பூட்ஸை ஸ்கீயோடு பிடித்துக்கொண்டு, குதிகாலை மட்டும் தூக்க விடுகிற டூரிங் பைண்டிங்கும் வேண்டும்.

சரி, அனுமதி. விசைப்படகு கடலுக்குப் போக வாங்குகிற டோக்கன் மாதிரிதான். பல ஸ்கீ ரிசார்ட்டுகள் வனத்துறை நிலத்தில் இருந்தாலும் “அரசு நிலம்தானே” என்ற வாதம் எடுபடாது. ஆஸ்பென் ஸ்னோமாஸ், அரபாஹோ பேசின் ஆகிய ரிசார்ட்டுகளில் ஏறுவதற்கென்றே தனி பாஸ். சில இடங்களில் லிஃப்ட் ஓடாத நேரம் மட்டும், சில இடங்களில் குறித்த பாதை மட்டும். கிளம்பும் முன் அன்றைய நிலவரம் பாருங்கள். நேற்றுத் திறந்திருந்த பாதை, பனிச்சரிவை முன்கூட்டியே வெடி வைத்து இறக்குவதற்காக இன்று மூடியிருக்கும்.

இருட்டில் தலையில் கட்டுகிற ஹெட்லைட் கட்டாயம். நான் ரொம்பப் பயப்படுவது வின்ச் கம்பிக்குத்தான். பனியைச் சமன் செய்யும் வண்டியைச் செங்குத்துச் சரிவில் இரும்புக் கம்பியால் மேலே கட்டியிருப்பார்கள், பனிக்குள் புதைந்து கிடக்கிற அந்தக் கம்பி திடீரென விறைத்து எழும்பும். விசைப்படகில் இழுவை மடி வலையின் கம்பி தெறிப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மூடிய பாதைப் பக்கமே போகாதீர்கள்.

அப்புறம், ஓரமாக ஒற்றை வரிசையில் ஏறுங்கள். நாயைப் பெரும்பாலும் விடமாட்டார்கள்.