எம்.ஜி.பி.யில் ஏர் ஃபில்டர் மாற்றுவதற்கு முன்னால் பெட்ரோல் லைனைப் பாருங்கள்

எம்.ஜி.பி. என்பது பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் எஸ்.யூ. ஹெச்.எஸ்.4 கார்புரேட்டர் இரண்டு பூட்டிய எம்.ஜி.பி.க்குப் பலரும் முதலில் வாங்குவது கே அண்ட் என் ஏர் ஃபில்டர். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் மட்டும் மாறினால் கூடுவது பெரும்பாலும் சத்தம்தான். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சென்னை அருகே சோழவரத்தில் ரேஸ் ஓடிய காலத்து ரப்பர் அதைத் தாங்காது.

எஞ்சின் ஆறிய பிறகு பேட்டரியின் எர்த் இணைப்பைக் கழற்றுங்கள். தீயணைப்பான் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். டேங்கிலிருந்து பம்ப், பம்பிலிருந்து கார்புரேட்டர், இரண்டு கார்புரேட்டருக்கும் நடுவே என்று ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய துண்டைப் புதுப்பேட்டைக்கு எடுத்துப்போய் உள்விட்டத்தை ஒத்துப் பார்த்து வாங்குங்கள், மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற அச்சு இருக்க வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடலோரமாக நிற்கும் வண்டியில் இரும்புப் பைப்பையும் உப்புக்காற்று அரித்திருக்கும். ஹோஸை உருவும்போது துரு உதிர்ந்தால் பைப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால், மாதக்கணக்கில் ஓடாத வண்டியின் டேங்க் அடியில் தண்ணீர் நிற்கலாம்; வடித்துவிடுங்கள்.

பம்ப் அழுத்தம் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் போகக்கூடாது. போனால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை நிறுத்தும் ஃப்ளோட் நீடில் வால்வால் அடைக்க முடியாமல் பெட்ரோல் வழியும், கீழேயே சூடான புகைக்குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு இருக்கிறது! இன்ஜெக்‌ஷன் வண்டியின் பம்பைக் கொண்டுவந்து மாட்டும் யோசனையே வேண்டாம். ஓவர்ஃப்ளோ குழாயை மேனிஃபோல்டைத் தாண்டிக் கீழே இறக்குங்கள். சூட்டைத் தடுக்கும் ஹீட் ஷீல்டுத் தகட்டைக் கழற்றி வீசிவிடாதீர்கள். ராயபுரம் சிக்னலில் வெயிலில் நிற்கும்போது பெட்ரோல் கொதிக்காமல் காப்பது அதுதான்.

அடுத்தது மிக்ஸ்சர், அதாவது பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு. வால்வ் கிளியரன்ஸ், டைமிங் இரண்டும் சரியாக இருந்தால் மட்டுமே இதில் கை வையுங்கள். கார்புரேட்டர் தலையில் உள்ள எண்ணெய்க் குழியான டேஷ்பாட்டில் எஸ்.ஏ.இ. 20 ஆயில் ஊற்றுங்கள். குறைந்தால் ஆக்ஸிலேட்டர் மிதித்ததும் வண்டி திக்கும். பெட்ரோல் வரும் குழலான ஜெட்டை, பிஸ்டனுக்குக் கீழே உள்ள மேடான பிரிட்ஜின் மட்டத்துக்கு ஏற்றி, அங்கிருந்து நட்டை 12 பிளாட் (நட்டின் ஒரு பக்கம் ஒரு பிளாட்), அதாவது இரண்டு முழுச்சுற்று, கீழே இறக்குங்கள். இது தொடக்கம்தான். எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் காற்று குறைவாகவே வேண்டும். அதனால் பழைய அளவிலேயே விட்டால் லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, ஓடும், இன்னும் ஒன்றிரண்டு பிளாட் இறக்க வேண்டிவரலாம். எஞ்சின் சூடானதும் ரப்பர் ட்யூபைக் காதில் வைத்து இரண்டு கார்புரேட்டர் வாயிலும் 'உஸ்' சத்தம் ஒன்றாகும்வரை ஐடில் ஸ்க்ரூவைத் திருப்புங்கள். பிறகு கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் ஒவ்வொரு பிஸ்டனையும் ஒரு மி.மீ.க்கும் குறைவாகத் தூக்குங்கள். ஆர்.பி.எம். ஏறி அப்படியே நின்றால் ரிச் (பெட்ரோல் அதிகம்), எஞ்சின் அணையப் போனால் லீன், லேசாக ஏறி இறங்கினால் சரி.

இப்போது ஃபில்டர். கார்புரேட்டர் முகப்பில் சிறு துளைகள் இருக்கும். பிஸ்டனுக்கு அடியில் காற்றைக் கொடுப்பது அவைதான். ஃபில்டருக்கு அடியில் வரும் கேஸ்கட்டைத் தலைகீழாக வைத்தால் அவை அடைபட்டுப் பிஸ்டன் ஏறாது, வண்டி இழுக்காது. புது ஃபில்டர் மாட்டியதும் 'பவர் போச்சு' என்று வரும் புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

கொஞ்ச தூரம் ஓட்டிப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். தவிட்டு நிறம் நல்லது, கரி படிந்தால் ரிச். ஐடிலில் சரியாக இருந்தும் வேகத்தில் பிளக் வெளுத்தால், அதாவது லீனானால், ஜெட்டைத் தொடாமல் பிஸ்டனில் உள்ள ஊசியை ஒரு படி ரிச்சான நீடிலாக மாற்றிப் போடுங்கள். மணலி சாலைத் தூசிக்கு ஃபில்டரை அடிக்கடி கழுவ வேண்டிவரும். முழுக்கக் காய்ந்த பிறகே ஆயில், அதுவும் மெல்லிசாக.