பழைய ஜாஸ் ட்ராம்போன்: சீர்செய்யும்போதும் வாங்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ராம்போன், ஸ்லைடு என்னும் நழுவும் குழாயை இழுத்து ஸ்வரம் மாற்றும் பித்தளை ஊதுகருவி. பெட்டியைக் கீழே போடாதீர்கள், எண்ணெய் இல்லாமல் ஸ்லைடை ஓட்டாதீர்கள் என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும். அவற்றை விட்டுவிடுவோம். கிளீவ்லேண்டில் எச். என். ஒயிட் நிறுவனம் செய்த கிங் 2பி, இந்தியானா மாநில எல்க்ஹார்ட்டின் கான் 6எச், கலிபோர்னியாவின் ஓல்ட்ஸ் என்று பழைய ட்ராம்போன்களைத் தேடி வாங்குகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே சில இடங்களில்தான் பணத்தையும் கருவியையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஸ்லைடுக்குள் பற்பசை

இதைப் பார்க்கும்போதுதான் இன்றும் கோபம் வருகிறது. ஸ்லைடு கரகரவென்று இழுக்கும். "கொஞ்சம் தேய்த்துவிட்டால் வழிக்கு வந்துவிடும்" என்று பற்பசையோ பித்தளை பாலிஷோ தடவி, நூறு இருநூறு தடவை மேலும் கீழும் இழுப்பார்கள். அன்று சாயங்காலமே ஸ்லைடு வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தை நம்பித்தான் அடுத்தவருக்கும் இதே யோசனையைச் சொல்கிறார்கள்.

ஸ்லைடு என்பது இரண்டு உள்குழாய்களும் அவற்றின்மேல் ஓடும் U வடிவ வெளிக்குழாயும்தான். உள்குழாய் ஒவ்வொன்றின் அடிநுனியிலும் சில அங்குல நீளத்துக்கு மட்டும் குழாய் சற்றுத் தடித்திருக்கும். அதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். வெளிக்குழாயைத் தொட்டு ஓடுவது அந்தப் பகுதிதான். இரண்டுக்கும் நடுவே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளிதான். தேய்க்கும் பசை முதலில் தின்பது ஸ்டாக்கிங்கின் முலாமை. பசையின் துகள்கள் வெளிக்குழாயின் மென்மையான பித்தளையில் பதிந்துகொண்டு, கழுவிய பிறகும் அரம் மாதிரி அறுத்துக்கொண்டே இருக்கும். இடைவெளி பெருகக் காற்று கசியும், கீழ்ஸ்வரங்கள் பிடி கொடுக்காது. போன உலோகம் திரும்பாது. குழாயையே மாற்ற வேண்டும். கிங் 2பி-யில் மேல்குழாயின் உள்விட்டம் 0.481 அங்குலம், கீழ்க்குழாய் 0.491. ஜாஸ் ட்ராம்போன் கலைஞர் ஜே. ஜே. ஜான்சன் வாசித்த கிங் 3பி-க்கோ 0.508. ஒன்றின் குழாயை எடுத்து இன்னொன்றில் பொருத்த வழியில்லை.

இத்தனைக்கும், ஸ்லைடு பிடிப்பதற்குக் காரணம் குழாய் தடிமனாக இருப்பதே இல்லை. அழுக்கு, ஒடுக்கு, கோணல் இந்த மூன்றில் ஒன்றுதான். இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திரம் துலக்கும் சோப்பு, வளையும் நீளப் பிரஷ். கொதிநீர் கூடாது, பித்தளைமேல் பூசிய பழைய லாக்கர் மெருகு உரிந்துவிடும். பாதிக் கரகரப்பு இங்கேயே போய்விடும்.

அடுத்து, வெளி ஸ்லைடை ஒருபக்கமாகத் திருப்பி, அதன் ஒரு காலை மட்டும் அதற்குரிய உள்குழாயில் ஏற்றி ஓட்டுங்கள். பிறகு மற்றக் காலை. ஒன்று தனியாகவே பிடித்தால் கோளாறு அந்தக் குழாயில். இரண்டும் தனித்தனியே சுகமாக ஓடி, சேர்த்தால் மட்டும் பிடித்தால் குழாய்கள் இணையாக இல்லை. அப்போது இரு குழாய்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தின் ஈயப்பற்றை இளக்கி, இறுக்கத்தை விடுவித்து, கிரானைட் பலகையில் வைத்துச் சமம் பார்த்து மீண்டும் பற்றவைக்க வேண்டும். அது தேர்ந்த பழுதுபார்ப்பவரின் வேலை.

ஒடுக்கைக் கண்டுபிடிக்க ஒரு டியூப்லைட் போதும். குழாயைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பிடித்து மெல்லச் சுழற்றுங்கள். ஒளிக்கோடு முழுநீளமும் நேராக ஓட வேண்டும். விரலுக்குத் தட்டுப்படாத ஒடுக்கிலும் அந்தக் கோடு ஒரு கணம் நெளியும். ஸ்லைடு பிடிப்பதும் அதே இடத்தில்தான் இருக்கும்.

கடைசியாகக் கசிவு. எண்ணெய் போட்ட ஸ்லைடை மெத்தைக்கு மேலே செங்குத்தாகப் பிடித்து, உள்குழாய்களின் இரு வாயையும் கட்டைவிரல்களால் அடைத்து, ஸ்லைடு நழுவாமல் பிடித்திருக்கும் பூட்டைத் திறங்கள். நல்ல ஸ்லைடு தொங்கி நிற்கும், அல்லது மெல்ல இறங்கும். சடாரென்று விழுந்தால், எவ்வளவு வழுக்கினாலும் வாங்காதீர்கள்.

பஃப் அடித்த பெல்

"முழுதாகச் சீர்செய்தது" என்று விற்பதில் பல, சுழலும் சக்கரத்தில் பிடித்துப் பஃப் அடித்து, அதாவது தேய்த்துப் பளபளப்பாக்கி, லாக்கர் பூசியவை. பஃப் அடிக்க அடிக்கத் தகடு மெலியும். பெல்லின், அதாவது ஒலி வெளிவரும் அகன்ற வாயின், செதுக்கு வேலையை நகத்தால் வருடிப் பாருங்கள். கோடுகளின் விளிம்பு நகத்தில் தட்டினால் நல்லது. வழவழவென்று போனால் உலோகம் போயிருக்கிறது. குறுக்குச் சட்டத்தின் அடித்தகடுகளில் கூர்முனைகள் மழுங்கியிருப்பதும் அதே அடையாளம். கைபடும் இடத்தில் லாக்கர் தேய்ந்து பழுப்பேறிய அசல் கருவிக்குச் சேகரிப்பவர்கள் கூடுதல் விலை தருவது இதனால்தான். வாசிப்பவருக்கு அது ஒரு குறையும் இல்லை.

இளஞ்சிவப்புப் புள்ளிகள்

பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்று போவதன் அடையாளம். உள்ளிருந்து வெளியே அரிக்கும், அதனால் பாலிஷால் போகாது. ஸ்லைடின் வளைவிலும், வாய் வைத்து ஊதும் மவுத்பீஸ் செருகும் குழாயினுள்ளும் பாருங்கள். ஓரிரு புள்ளி என்றால் வருடக்கணக்கில் ஓடும். கொத்தாக இருந்தால் குழாய் மாற்றும் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

ஹை பிட்ச் கருவி

இன்றைய பொதுச் சுருதியான A=440-ஐவிடக் கூடிய சுருதிக்குச் செய்த பழைய கருவி. பெரும்பாலும் 440-க்குச் சரியாக இறங்காது. மலிவாகக் கிடைத்தாலும் வாசிக்க வாங்காதீர்கள்.

சிக்கிய மவுத்பீஸ்

குறடு வேண்டாம். மவுத்பீஸைக் கழற்றுவதற்கென்றே உள்ள புல்லர் மட்டும்.

ஒன்றின் பெல், மற்றதன் ஸ்லைடு

இரண்டு கருவிகளின் பாதிகளைச் சேர்த்து ஒன்றாக விற்பது சாதாரணம். முலாமின் நிறம், தேய்மானத்தின் அளவு, சட்டங்களின் வடிவம் மூன்றையும் ஒப்பிடுங்கள். இரண்டு பகுதியிலும் எண் பொறித்திருந்தால் அதையும் பாருங்கள். வாசிக்க மட்டும் என்றால், ஸ்லைடு நன்றாக இருக்கிற கலப்புக் கருவி நல்ல பேரம். சேகரிப்புக்கு என்றால் அசல் கருவியின் விலை கொடுக்காதீர்கள்.

வாங்கியதும் முதல் செலவு, உள்குழாய்களின் மேல்முனையில் உள்ள கிண்ணங்களுக்குள் இருக்கும் கார்க் வளையங்களுக்கு. பழையது பொடியாகிப் போயிருந்தால் ஸ்லைடு மூடும்போது உலோகம் உலோகத்தில் மோதும், ஸ்லைடு மூடியிருக்கும் முதல் நிலையின் ஸ்வரமும் சற்று ஏறிவிடும்.