இடைப்பருவத்தில் வெப்பமண்டலத் தீவுக்குச் செல்வது எப்படி? முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

வெப்பமண்டலத் தீவொன்றுக்கு முதன்முறையாகச் செல்வோரில் ஒரு சாரார் உச்சப் பருவத்தில் கூடுதல் கட்டணம் கொடுத்துச் சென்று, கடலை விடக் கூட்டத்தையே அதிகம் பார்த்துவிட்டு வருகிறார்கள். மறு சாரார் கட்டணக் குறைவை மட்டும் கணக்கில் கொண்டு நடு மழைக்காலத்தில் போய் இறங்கி, விடுதி அறையின் சன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே பெரும்பாலான தீவுகளில் ஆண்டுக்கு இருமுறை சில வாரங்கள் நீளும் இடைப்பருவம் ஒன்று வருகிறது. அதைக் கண்டறிந்து திட்டமிடும் முறையை இங்கே படிப்படியாகப் பார்க்கலாம்.

படி 1: மழைக்கு முன் காற்றைப் பாருங்கள்

கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட பகுதியில் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அங்கே பருவத்தை மாற்றுவது காற்றுதான். சூரியனின் போக்கைப் பின்தொடர்ந்து மழைப்பட்டை ஒன்று ஜூலையை ஒட்டி வடக்கேயும் ஜனவரியை ஒட்டித் தெற்கேயும் நகர்கிறது. பருவக்காற்று வீசும் கடல்களில் ஒரு திசைக் காற்று ஓய்ந்து, எதிர்த்திசைக் காற்று இன்னும் வலுப்பெறாமல் இருக்கும் வாரங்களே இடைப்பருவம். வாடை (வடக்கு), கொண்டல் (கிழக்கு), தென்றல் (தெற்கு), கோடை (மேற்கு) என்று திசைக்கொரு பெயர் வைத்துக் காற்றைப் பிரித்தறிந்த மொழியில் இதை விளக்குவது எளிது: தீவுக்குப் போகும் முன் அங்கே அந்த மாதத்தில் வீசுவது வாடையா கோடையா என்று கேளுங்கள்.

காற்று மோதும் கரையில் மழையும் அலையும் மிகும்; மறுபக்கம் அதே நாளில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று வலுத்திருக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் இலங்கையின் காலி, ஹிக்கடுவைக் கரைகளில் கடல் கொந்தளிக்க, கிழக்கே திருகோணமலையிலும் அறுகம்பையிலும் அதுவே பயணிகள் வரும் காலமாக இருக்கிறது. தாய்லாந்தில் அந்தமான் கடலை ஒட்டிய புக்கெட் தீவுக்கு மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சமுய் தீவிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. ஆகவே நாட்டின் பெயரை வைத்து மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கரையின் பெயரை வைத்துத் தேர்ந்தெடுங்கள்.

படி 2: இரண்டு இடைப்பருவங்களில் எது உங்களுக்கு என்று முடிவு செய்யுங்கள்

இரண்டும் ஒன்றுபோல் இருப்பதில்லை. வறட்சியிலிருந்து மழைக்கு மாறும் வாரங்களில் தண்ணீர் பொதுவாகத் தெளிந்திருக்கும். ஆனால் வெயில் கடுமையாக இருக்கும், ஓடைகளும் அருவிகளும் வற்றிப்போயிருக்கும். மழையிலிருந்து வறட்சிக்கு மாறும் வாரங்களில் மலைகள் பசுமையாகவும் அருவிகள் நிறைந்தும் இருக்கும். ஆற்று முகத்துவாரங்களை ஒட்டிய கடல் கலங்கியிருக்கும். கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறைகளைப் பார்க்க விரும்புவோருக்கு முதலாவதும், நடைப்பயணம் செல்வோருக்கு இரண்டாவதும் பொருந்தும் என்பது என் கருத்து.

புயலையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கரீபியன் தீவுகளை உள்ளடக்கிய அட்லாண்டிக் பகுதியின் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீள்கிறது. அதன் உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி வருகிறது. எனவே அங்கே ஏப்ரல் பிற்பாதியும் மே மாதமும் நல்ல தேர்வு. தென்கோடியில் இருக்கும் அரூபா, பொனேர், குராசோ ஆகிய தீவுகளைப் புயல்கள் அரிதாகவே நெருங்குகின்றன. வங்கக்கடலின் நிலைமை சற்று விபரீதமானது: அங்கே புயல்கள் பருவக்காற்று மாறும் காலங்களில்தான் மிகுதியாக உருவாகின்றன. அந்தமான் செல்வோர் மே மாதத்தையும் நவம்பரையும் கவனத்துடன் அணுகுவது நல்லது. நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மொரீசியசில் புயல்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வருவதால், மே மாதமும் செப்டம்பர் கடைசியும் ஏற்றவை. பாலியில் ஜூலை, ஆகஸ்ட் கூட்டத்தைத் தவிர்த்து மே மாதத்திலோ செப்டம்பரிலோ செல்லலாம். இரண்டும் வறண்ட காலத்துக்குள்ளேயே அடங்குகின்றன.

படி 3: மழை அட்டவணையைச் சரியாக வாசியுங்கள்

வானிலை நிலையங்கள் தரும் மாதச் சராசரிகள் பெரும்பாலும் 1991 முதல் 2020 வரையிலான 30 ஆண்டுகளின் பதிவுகளிலிருந்து கணக்கிடப்படுகின்றன. அதில் மில்லிமீட்டர் கணக்கை மட்டும் பார்த்து அஞ்சிவிடக் கூடாது. ஒரு மாதத்தில் 200 மில்லிமீட்டர் மழை என்று எழுதியிருந்தால், அது எத்தனை நாட்களில் பெய்தது என்பதையும் அடுத்த நிரலில் பாருங்கள். எட்டு நாட்களில் பெய்திருந்தால், பிற்பகலில் ஒரு மணி நேரம் இடியுடன் கொட்டித் தீர்த்துவிட்டு ஓயும் மழையாக இருக்க வாய்ப்பு மிகுதி. காலை நேரம் முழுவதும் உங்களுக்குக் கிடைக்கும். அதே அளவு 22 நாட்களில் பெய்திருந்தால், நாளெல்லாம் மூடிய வானத்தையும் காயாத துணிகளையும் எதிர்பார்க்கலாம். அந்தப் பதிவு எந்த இடத்தில் எடுக்கப்பட்டது என்பதும் முக்கியம். ஹவாய்ப் பெருந்தீவின் கிழக்குக் கரையில் உள்ள ஹிலோ நகரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மலைகளுக்கு மறுபுறம், அதே தீவின் வடமேற்குக் கரையில் சில இடங்களில் 300 மில்லிமீட்டர்கூடத் தேறுவதில்லை.

படி 4: எவை மூடியிருக்கும் என்று கேட்டறியுங்கள்

கட்டணம் குறைவதற்கு ஒரு விலை உண்டு. சில படகுகள் ஓடாது, சில இடங்கள் திறந்திருக்காது. தாய்லாந்தின் சிமிலான் தீவுகள் தேசியப் பூங்கா மே நடுப்பகுதி முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்படுகிறது. பெரும்பாலும் மார்ச் மாதத்தில் வரும் நியெப்பி என்னும் மௌன நாளில் பாலியின் விமான நிலையமே 24 மணி நேரம் இயங்குவதில்லை.

விடுதியிடம் ஒரு வினாவைக் கட்டாயம் கேளுங்கள்: அந்த வாரத்தில் சீரமைப்புப் பணி ஏதேனும் நடக்கிறதா? ஆட்கள் குறைவாக வரும் காலத்தில்தான் விடுதிகள் தரையைப் பெயர்ப்பதும் நீச்சல் குளத்தைக் காலி செய்து பூசுவதும் வழக்கம். இதைக் கேட்காமல் சென்ற ஒரு பயணத்தில் நான்கு நாட்களும் நான் கண்விழித்தது அலையோசையில் அன்று, தரை ஓடு அறுக்கும் இயந்திரத்தின் ஓசையில்.

படி 5: மாற்றிக்கொள்ளக்கூடிய முன்பதிவையே செய்யுங்கள்

சற்றுக் கூடுதலாக ஆனாலும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையையே பதிவு செய்யுங்கள். பயணக் காப்பீட்டை விமானச் சீட்டு எடுத்தவுடனே வாங்கிவிட வேண்டும். புயலுக்குப் பெயர் சூட்டப்பட்ட பிறகு வாங்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலால் வரும் இழப்பை ஈடுசெய்வதில்லை.

மூட்டை கட்டுவதில் சொல்ல அதிகம் இல்லை. காற்றடிக்கும் கரையில் குடை பயன்படாது. மெல்லிய மழைச்சட்டையும், கைப்பேசியும் கடவுச்சீட்டும் நனையாமல் இருக்க வாய் சுருட்டி மூடும் நீர்புகாப் பையும் போதும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது என்பதால், கொசு விரட்டிக் களிம்பைக் காலையிலேயே பூசிக்கொள்ளுங்கள். வெயில் காப்புக் களிம்பு வாங்கும்போது துத்தநாக ஆக்சைடு கலந்ததாகப் பாருங்கள். பவளப்பாறைகளுக்குக் கேடு என்று கருதி ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் வேதிப்பொருள்கள் கலந்த களிம்புகளின் விற்பனைக்கு ஹவாய் 2021 ஜனவரி 1 முதல் தடை விதித்துள்ளது.

படி 6: தீவில் ஒரு நாளை வகுத்துக்கொள்ளுங்கள்

கடலுக்கான நேரம் காலைதான். படகுப் பயணம், பவளப்பாறை பார்த்தல், நீச்சல் அனைத்தையும் நண்பகலுக்குள் முடித்துக்கொண்டு, மேகம் திரளும் பிற்பகலை உறக்கத்துக்கும் ஊர் சுற்றலுக்கும் விட்டுவிடுங்கள்.

இறங்குவதற்கு முன் ஐந்து நிமிடம் கரையில் நின்று அலைகளைக் கவனியுங்கள். அலைகள் வரிசையாக நுரைத்து உடையும் இடத்துக்கு நடுவே, ஒரு சந்து போல, நுரையே இல்லாமல் கருநீலமாக அமைதியாகத் தோன்றும் பகுதி இருக்கலாம். புதிதாக வருபவர்கள் அதையே பாதுகாப்பான இடம் என்று எண்ணி இறங்குகிறார்கள். கரையில் குவிந்த நீர் கடலுக்குத் திரும்பும் இழுவை நீரோட்டம் பெரும்பாலும் அங்கேதான் ஓடுகிறது. ஆழம் கூடுவதால்தான் அங்கே அலை உடைவதில்லை. அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுக் களைத்துவிடாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேறி, பிறகு கரை திரும்ப வேண்டும். இடைப்பருவத்தில் கூட்டம் குறைவது போலவே உயிர்காப்பாளர்களும் குறையலாம் என்பதால், சிவப்புக் கொடி இல்லை என்பதை மட்டும் வைத்துக் கடல் அமைதியாக இருப்பதாக முடிவு செய்யாதீர்கள்.

சிறு தீவிலிருந்து விமான நிலையம் உள்ள பெரிய தீவுக்குப் படகில் திரும்ப வேண்டியிருந்தால், விமானம் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலைப் படகையே பிடியுங்கள். அந்தப் படகு காற்றினால் நின்றுபோனாலும் மாலைப் படகு ஒன்றும் மறுநாள் காலைப் படகு ஒன்றும் கையில் மிச்சமிருக்கும்.