உபுண்டு 22.04இல் பில்ட்-எசென்ஷியல் ஏற மறுத்தால்

பில்ட்-எசென்ஷியலை (நிரல்களைக் கம்பைல் செய்யத் தேவையான கருவித் தொகுப்பு) நிறுவச் சொன்னால், லிப்சி6-டெவ் (சி நூலகத்தை வைத்து நிரல் உருவாக்க உதவும் கோப்புகள்) கேட்கும் லிப்சி6 (அந்த சி நூலகம்) பதிப்பு வேறு, கணினியில் இருப்பது வேறு என்று ஆப்ட் (பேக்கேஜ்களை நிறுவும் கருவி) நின்றுவிடும். கடைசி வரியில் ‘ஹெல்ட் ப்ரோக்கன் பேக்கேஜஸ்’ என்று வரும். அதை நம்பி அலையாதீர்கள். பதிப்பு மாறாமல் நிறுத்திவைத்த (ஹெல்ட்) பேக்கேஜ்களைக் காட்டும் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கொடுத்தால் பெரும்பாலும் ஒன்றுமே வராது. உண்மையான காரணம் அதற்கு மேலே உள்ள வரியில் இருக்கிறது. (கட்டளைகளை இங்கே ஒலிப்பில் தருகிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும்.)

லிப்சி6-டெவ் சமக்குறி போட்டு, அச்சு அசலாக ஒரே பதிப்பைக் கேட்கும். கணினியில் 2.35-0உபுண்டு3.1 இருந்து, ரெப்போ (பேக்கேஜ்கள் இறங்கும் சர்வர்) தருவது 2.35-0உபுண்டு3க்கு உரிய டெவ் பேக்கேஜ் என்றால், வால்போல ஒட்டியிருக்கும் அந்த .1 போதும், வேலை நின்றுவிடும்.

‘ஆப்ட் பாலிசி லிப்சி6’ கொடுங்கள். மூன்று நட்சத்திரம் உள்ள வரியே நிறுவப்பட்ட பதிப்பு. அதன் கீழே 500 என்ற எண்ணுடன் ரெப்போ முகவரி இருக்க வேண்டும். 100 என்ற எண்ணும் டிபிகேஜியின் (ஆப்டுக்கு அடியில் பேக்கேஜ்களை ஏற்றும் கருவி) ஸ்டேட்டஸ் கோப்பும் மட்டும் இருந்தால், அந்தப் பதிப்பை இப்போது எந்த ரெப்போவும் தரவில்லை. ரெப்போ முகவரிகள் உள்ள சோர்சஸ்.லிஸ்ட் கோப்பில் ஜாமி-அப்டேட்ஸ் (ஜாமி என்பது 22.04இன் பெயர்), ஜாமி-செக்யூரிட்டி வரிகளை யாரோ எடுத்திருப்பார்கள், அல்லது முன்னால் # போட்டிருப்பார்கள். அவற்றை மீட்டு, ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ ஓட்டி, மறுபடி நிறுவுங்கள். 24.04இல் இதே வேலையை உபுண்டு.சோர்சஸ் கோப்பின் சூட்ஸ் வரியில் செய்ய வேண்டும்.

லிப்சி6ஐப் பழைய பதிப்புக்கு இறக்கிச் சமாளிக்கவே கூடாது. கணினியில் உள்ள ஏறக்குறைய எல்லா நிரலும் அதன்மேல்தான் நிற்கிறது. வேறொரு பேக்கேஜில் இதே சிக்கல் வந்து, பாலிசியில் பிபிஏ (உபுண்டுவுக்கு வெளியே பிறர் நடத்தும் ரெப்போ) முகவரி தெரிந்தால், பிபிஏ-பர்ஜ் என்ற கருவி அதை உபுண்டுவின் பதிப்புக்குத் திருப்பிவிடும்.

பேக்கேஜ் பாதியில் நின்றிருந்தால் வழி வேறு. முதலில் ‘டிஎஃப் -ஹெச் /பூட்’ கொடுத்து, கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) கோப்புகள் இருக்கும் இடத்தில் எவ்வளவு காலி என்று பாருங்கள். அங்கே இடம் தீர்ந்திருந்தால் கெர்னல் கான்ஃபிகர் ஆகாது, வேறு என்ன செய்தும் பயனில்லை. பழைய கெர்னல்களை நீக்குங்கள். ‘யூநேம் -ஆர்’ காட்டுவதை, அதாவது இப்போது ஓடும் கெர்னலை, மட்டும் தொடாதீர்கள். பிறகு ‘சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ’, அதன்பின் ‘சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-ப்ரோக்கன் இன்ஸ்டால்’. இரண்டாவதை முதலில் ‘-எஸ்’ சேர்த்து ஒத்திகை பாருங்கள். நீக்கப்படும் பட்டியலில் உபுண்டு-டெஸ்க்டாப் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். லாக் பிழை (வேறொரு நிரல் ஆப்டைப் பிடித்திருக்கிறது என்ற செய்தி) வந்தால் லாக் கோப்பை அழிக்காதீர்கள். பின்னணியில் தானியங்கி அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம், முடியட்டும்.

நடுவில், நீங்கள் திருத்திய கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை மாற்றலாமா என்று டிபிகேஜி கேட்கும். உடனே என்டர் தட்டாமல் ‘டி’ (D) அழுத்தி வித்தியாசத்தைப் பாருங்கள். ‘என்’ என்றால் உங்களுடையது தங்கும், புதியது .டிபிகேஜி-டிஸ்ட் என்ற வாலுடன் பக்கத்தில் கிடக்கும். ‘ஒய்’ என்றால் புதியது ஏறும், உங்களுடையது .டிபிகேஜி-ஓல்ட் ஆகிவிடும். எதைத் தேர்ந்தாலும் மற்றது அழிவதில்லை. பிறகு நிதானமாகச் சேர்த்துக்கொள்ளலாம்.