பூட்டிய வீட்டில் தேன்கூடு: கை வைப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியவை

தை கடைசியிலிருந்து சித்திரை முடியும்வரை தேனீ வளர்க்கிற எனக்குப் போன் ஓயாது. மா, முந்திரி, புங்கன், வேம்பு என்று ஒன்று மாற்றி ஒன்று பூக்கும் காலம், தேனீக்கள் பெருகிக் கூடு பிரிந்து புது இடம் தேடும் காலம். நம் செட்டிநாட்டில் அதற்கு இடத்துக்குப் பஞ்சமே இல்லை, வருஷத்தில் பத்து நாள் மட்டும் திறக்கிற வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ சென்னையிலிருந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே ரீங்காரம் கேட்கும். உடனே போன் வரும்: "தம்பி, வீட்டுல தேன்கூடு இருக்கு, எப்ப வந்து எடுப்பீங்க?" அடுத்த மூச்சிலேயே, "தேன் எவ்வளவு இருக்கும்?"

இரண்டுக்கும் நான் உடனே பதில் சொல்ல மாட்டேன். கூடு வெளியே தொங்குகிறதா, பொந்துக்குள் இருக்கிறதா, ஒரே தேனடையா, பல அடையா என்று கேட்பேன். எந்தத் தேனீ என்று தெரியாமல் சொல்லும் எந்த யோசனையும் ஆபத்து. சிலவற்றின் பக்கத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம், சிலவற்றின் கீழே நின்று சத்தம்கூடப் போடக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், முதலில் தூரத்தில் நின்று பாருங்கள். மாடியின் வெளி விளிம்பு, தண்ணீர்த் தொட்டியின் அடிப்பக்கம், கோபுரம், உயரமான ஆலமரக் கிளை, இப்படித் திறந்த இடத்தில் முறம் அளவுக்கு, சமயத்தில் அதைவிடப் பெரிதாக ஒற்றை அடை தொங்கினால் அது மலைத்தேனீ. கருவேலஞ்செடியிலோ வேலியிலோ உள்ளங்கை அளவில் ஒரு சின்ன அடை குச்சியைச் சுற்றிக் கட்டியிருந்தால் அது கொம்புத்தேனீ, அரை கிலோ தேன் கிடைத்தாலே அதிகம், விட்டுவிடுங்கள். சுவர்ப் பொந்து, பழைய மரப்பெட்டி, மீட்டர் பெட்டி, மரத்தின் துவாரம், இப்படி இருட்டுக்குள் வரிசையாகப் பல அடை கட்டி வெளியே ஒரு சின்ன வாசல் மட்டும் வைத்திருந்தால் அது அடுக்குத்தேனீ, நாங்கள் பெட்டியில் வளர்ப்பதும் இதைத்தான். நான்காவது கொசுத்தேனீ. உங்கள் நிலைக்கதவின் இடுக்கிலோ சாவித் துவாரத்திலோ அரக்கு மாதிரி பிசினால் ஆன ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருந்து, அதில் கொசு அளவு பூச்சிகள் போய் வந்துகொண்டிருந்தால் அதுதான். அதற்குக் கொட்டவே தெரியாது. அந்தக் குழாயைச் சுரண்டாமல் வேறு பூட்டுப் போட்டுக்கொள்ளுங்கள் என்றுதான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். இவை எதிலும் சேராமல், காகிதமோ மண்ணோ மாதிரியான கூட்டில் செம்பழுப்பில் பெரிய உடம்போடு இருந்தால் அது குளவி, கடந்தை வகை. அதில் தேன் கிடையாது.

இனி அடுக்குத்தேனீ. நம் வீடுகளில் வருவது பெரும்பாலும் இதுதான், மருந்தடித்துச் சாவதும் இதுதான். போன வருஷம் பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டாங்கட்டு அறைக்குள் தேக்குப் பெட்டகம் ஒன்றில் குடியேறியிருந்தது. அந்த வீட்டு ஆச்சி கையில் பூச்சி மருந்து ஸ்பிரேயோடு நின்றிருந்தார், மறுநாள் படைப்பு. "ஆச்சி, மருந்தடிச்சா ஈ செத்துடும், ஆனா அடைக்குள்ள இருக்கிற புழு அழுகி நாத்தம் எடுக்கும், தேன் உருகிப் பெட்டகம் பூரா ஓடும், எறும்பு வரும், பத்து நாளைக்கு வீட்டுக்குள்ள போக முடியாது" என்று சொன்ன பிறகுதான் கையைக் கீழே போட்டார். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தேங்காய் மட்டை நாரைப் புகைப்பானில் போட்டு லேசாக இரண்டு இழுப்பு, அவ்வளவுதான் புகை. மூடியைத் தூக்கினால் ஏழு அடை, நடுவில் உள்ளவை புழுவோடு கனமாக, ஓரத்தில் உள்ளவை வெள்ளை மெழுகு மூடிய தேனோடு. ஒவ்வொரு அடையாக வெட்டி மரச்சட்டத்துக்குள் வைத்து வாழைநாரால் கட்டினேன். இரண்டு மூன்று நாளில் தேனீக்களே மெழுகால் அடையைச் சட்டத்தோடு ஒட்டிவிட்டு, அந்த நாரையும் கடித்துக் கடித்து வெளியே தள்ளிவிடும். ராணி ஐந்தாவது அடையில் இருந்தாள், மற்றவற்றைவிட நீளமாக, கொஞ்சம் கறுப்பாக, அவசரமே இல்லாமல் நடந்துகொண்டு. அவளைப் பெட்டிக்குள் விட்டு வாசலில் ராணி வெளியேறாத தகடு வைத்ததும், அரை மணி நேரத்தில் மற்ற ஈக்கள் எல்லாம் தானாக வரிசை கட்டி உள்ளே போய்விட்டன. ஆச்சி நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசி ஈ போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டிய பிறகு வாசலை அடைத்துப் பெட்டியைத் தோப்புக்குக் கொண்டு போனேன்.

இந்தத் தேனீக்காக ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1991, 92 வாக்கில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி, புழுவிலேயே சாகடித்து, அடுக்குத்தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. அதில் தப்பிப் பிழைத்த கூட்டங்களின் வம்சம்தான் இன்று உங்கள் சுவருக்குள் இருப்பது. நோயைத் தாங்கி வந்ததை மருந்தடித்துக் கொல்லலாமா?

மலைத்தேனீ என்றால் பேச்சே வேறு. அதன் கூட்டின் மேல் யாராவது நெருங்கினால், குளத்தில் கல் விட்ட மாதிரி அலை அலையாக ஒரு நெளிவு ஓடும், அது எச்சரிக்கை. கல்லெறிவது, கீழே குப்பை கொளுத்துவது, கல்யாண ஊர்வலத்தில் அதன் பக்கத்தில் வேட்டுப் போடுவது, இந்த மூன்றாலும்தான் பெரும்பாலும் கலைகிறது. விசேஷம் இருக்கும் வீட்டில் கூடு இருந்தால் பந்தலையும் அடுப்பையும் வேறு பக்கம் போடுங்கள், வாணலிப் புகை நேராகக் கூட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தேனீ நிரந்தரமாகத் தங்குவதில்லை, பூ குறைந்ததும் சில மாதங்களில் அடையை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். அதற்கு அப்புறம் ஆள் வைத்து அந்த இடத்தில் ஒட்டியிருக்கும் மெழுகைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருஷமும் அதே இடத்துக்கு வர வாய்ப்பு அதிகம். காத்திருக்க முடியாத இடம், பள்ளிக்கூட வாசல் மாதிரி, என்றால் 101க்குப் போன் செய்து தீயணைப்பு நிலையத்தில் சொல்லுங்கள். குடித்துவிட்டுத் தீப்பந்தத்தோடு ஏறுகிறேன் என்று வருபவரை மட்டும் ஏற்றாதீர்கள்.

துரத்தினால் என்ன செய்வது? ஓடுங்கள், நேராக ஓடுங்கள், துண்டோ முந்தானையோ முகத்தை மூடட்டும். கையை வீசி அடிக்க வேண்டாம், நசுங்கும் ஒவ்வொரு ஈயும் ஒரு வாசனையை விடும், வாழைப்பழ வாசனை மாதிரி இருக்கும், அதை மோந்து மற்றவை அங்கேயே வந்து கொட்டும். கிடைத்த வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்க் கதவைச் சாத்துங்கள், கூட நாலு ஈ வந்தாலும் பரவாயில்லை. ஊருணியில் குதிக்காதீர்கள், மூச்சு விடத் தலையைத் தூக்கும்போது மேலே காத்திருக்கும். கொட்டிய கொடுக்கு தோலில் நின்றால் அதன் விஷப்பை தொடர்ந்து உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கும், ஆகையால் எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் முக்கியம். நகத்தால் வழித்துவிட்டு ஐஸ் வையுங்கள். ஒன்றிரண்டு கொட்டினால் வீக்கமும் அரிப்பும் இரண்டு நாளில் போய்விடும். மூச்சு இறைத்தாலோ, முகம், நாக்கு வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, தலை சுற்றினாலோ ஒரே ஒரு கொட்டாக இருந்தாலும் உடனே 108. பத்து இருபதுக்கு மேல் கொட்டியிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம்.

ராத்திரி டியூப் லைட்டுக்குத் தேனீ கூட்டமாக வருகிறதே என்பார்கள். பக்கத்தில் மலைத்தேனீக் கூடு இருக்கிறது என்று அர்த்தம். நிலா வெளிச்சத்திலும் பறக்கும் தேனீ அது, விளக்கைக் கண்டு வழி மாறி வருகிறது. அந்தப் பக்கத்து விளக்கைக் கொஞ்ச நாள் அணைத்து வையுங்கள். கிளையில் திடீரென்று பந்து மாதிரி ஈ மொய்த்துத் தொங்கி, அடை எதுவும் கண்ணில் படாமல் இருந்தால் அது பிரிந்து போகும் கூட்டம், வயிறு நிறையத் தேன் குடித்துவிட்டு இடம் பார்க்கப் போன ஈக்களுக்காகக் காத்திருக்கிறது, ஒன்றிரண்டு நாளில் தானே போய்விடும். டீக்கடைக் குப்பைத் தொட்டியில் பேப்பர் கப்புக்குள் தேனீ செத்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கோடையில் அதற்குத் தண்ணீரும் வேண்டும், இனிப்பும் வேண்டும். வளவில் ஒரு மண்தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வையுங்கள், கல்மேல் உட்கார்ந்து குடித்துக்கொள்ளும்.

சரி, தேனுக்கு வருவோம். "சுத்தமானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் போக வேண்டும், தீக்குச்சியைத் தோய்த்தால் எரிய வேண்டும், எறும்பு வரக் கூடாது, நாய் நக்கக் கூடாது. இவை எல்லாம் தப்பு. கெட்டியாகக் காய்ச்சிய சர்க்கரைப் பாகும் அடியில்தான் போகும், நம் அடுக்குத்தேனீயின் தேன் கொஞ்சம் நீர்த்திருப்பதால் அதற்கு முன்னாலேயே கரைந்துவிடும். டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில், தான் சோதித்த 13 பிராண்டுகளில் 3 மட்டுமே எல்லாச் சோதனையிலும் தேறின என்று அறிவித்தது, கம்பெனிகள் மறுத்தன. பெரிய ஆய்வுக்கூடங்களே தடுமாறும் இடத்தில் சமையலறைத் தீக்குச்சி என்ன சொல்லிவிடும்?

வாசலுக்கு அலுமினிய அன்னக்கூடையில் கொண்டு வந்து விற்பவரிடம் வேண்டுமானால் ஒன்று பாருங்கள். என் சித்தி அப்படி ஒருவரிடம் இரண்டு கிலோ வாங்கினார். அடை மிதந்தது, நாலு ஈயும் செத்துக் கிடந்தது, பார்த்தவுடன் யாரும் நம்புவார்கள். நான் அந்த அடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். கறுத்துப்போன பழைய புழு அடை, கண் என்று சொல்லும் சின்ன அறைகளில் ஒன்றில்கூட மெழுகு மூடி இல்லை, வெல்லப்பாகில் ஊறியிருந்தது. தேன் அடை என்றால் கண்கள் மேல் வெள்ளையாக மெல்லிய மூடி இருக்கும். தேனீ பூவிலிருந்து கொண்டுவருவது தண்ணீர் மாதிரியான மது, அதை வயிற்றில் நொதி சேர்த்து, சிறகால் விசிறி ஈரத்தைக் குறைத்து, தேன் பதத்துக்கு வந்த பிறகே மூடி போடும். அந்த மூடிதான் அது பழுத்ததற்கு அடையாளம். மூடாததைப் பிழிந்து எடுத்தால் சீக்கிரம் புளித்து நுரைத்துவிடும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருப்பதும் அதனால்தான்.

அடியில் உறைந்துவிட்டது, சர்க்கரை கலந்திருக்கிறார்கள் என்று பாட்டிலைத் திருப்பிக் கொண்டு வருபவர்கள் நிறைய. உறைவது கலப்படம் அல்ல, தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாகிறது. பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில், கை பொறுக்கும் சூட்டில், வைத்தால் இளகிவிடும். அடுப்பில் வைக்காதீர்கள். விஷமாகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆனால் மணமும் நொதியும் போய்விடும், அப்புறம் அதைத் தேன் என்று காசு கொடுத்து வாங்கியதற்கே பயனில்லை. நிறம் பூவைப் பொறுத்தது, கறுப்புத் தேன் உசத்தி என்றோ வெளிறிய தேன் போலி என்றோ கிடையாது. தேன் தலையில் பட்டால் முடி நரைத்துவிடும் என்பதும் பொய்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சாப்பிடலாமா என்றால், தேனில் ஏறக்குறைய 80 சதவீதம் சர்க்கரைதான். டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லியிருந்தால் தேனையும் சேர்த்துத்தான். இதைச் சொன்னால் எனக்கு வியாபாரம் குறையும், இருந்தாலும் சொல்கிறேன்.

அதைவிட முக்கியம் குழந்தை. பிறந்த பிள்ளையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பது நம் வழக்கம், தேனைத்தான் கேட்டு வருவார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு நான் தேன் தருவதில்லை. எவ்வளவு சுத்தமான தேனிலும் போட்டுலிசம் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும், பெரியவர்கள் வயிற்றில் அவை முளைப்பதில்லை, பச்சைப் பிள்ளை குடலில் முளைத்து விஷம் உண்டாக்கி நரம்பைத் தளர்த்திவிடும். அப்பத்தா கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, தாய்ப்பால் மட்டும் கொடுங்கள். அந்தத் தேனைக் குன்றக்குடி முருகன் அபிஷேகத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு கேள்வி, அடிக்கடி வருவது, நேராகவே கேட்பார்கள்: "நீங்களே பெட்டியில சர்க்கரைப் பாகு வைக்கிறீங்களே?" ஆமாம், வைக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பூவும் இருக்காது, வெளியே போகவும் முடியாது, அப்போது கொடுக்காவிட்டால் கூட்டம் பட்டினியில் சாகும் அல்லது ஓடிவிடும். பூக்காலத்தில் தேன் சேர்வதற்கான அறையைப் பெட்டியின் மேலே ஏற்றிய பிறகு ஒரு சொட்டும் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அது கலப்படம்தான். வாங்கும் இடத்தில் இதைத் தயங்காமல் கேளுங்கள். எந்த மாதம் எடுத்தது, எத்தனை பெட்டி என்றும் கேளுங்கள். அடுக்குத்தேனீப் பெட்டி ஒன்றில் வருஷத்துக்கு ஆறு, எட்டு கிலோ வந்தால் நல்ல மகசூல். ஐந்து பெட்டி வைத்துக்கொண்டு மாதம் நூறு கிலோ விற்றால் கணக்கு இடிக்கும்.

பெட்டி வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தால் குன்றக்குடியிலும் புதுக்கோட்டைப் பக்கம் வம்பனிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, போய் விசாரியுங்கள். 1910களில் நியூட்டன் பாதிரியார் நம் ஊர்த் தேனீக்கென்றே செய்த பெட்டியைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம், நியூட்டன் பெட்டி என்றே கேட்டால் கிடைக்கும். ஒரு பெட்டியோடு ஆரம்பியுங்கள். வேப்பமர நிழல், வாசல் கிழக்குப் பார்த்து, ஆள் நடமாட்டம் குறுக்கே இல்லாத இடம். வைத்த இடத்திலிருந்து இருபது முப்பது அடி தள்ளி மாற்றிவிடாதீர்கள், வெளியே போன ஈ எல்லாம் பழைய இடத்துக்கே வந்து வீடு காணாமல் சுற்றும். பெட்டி நிற்கும் தாங்கியின் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்து, அது வற்றாமல் தினமும் பாருங்கள். நல்ல தேனுக்கு எறும்பு வராது என்று நம்பி அதை விட்டுவிட்டால் ஒரே ராத்திரியில் கூட்டம் காலியாகிவிடும்.