நியோ4ஜேயில் பெரிய சிஎஸ்வி ஏற மறுக்கிறதா? இந்த வரிசையில் பாருங்கள்

நியோ4ஜே என்பது தரவை நோடுகளாகவும் (புள்ளிகள்) அவற்றுக்கு இடையிலான உறவுகளாகவும் வைத்திருக்கும் டேட்டாபேஸ். அதில் நூறு வரி சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறிவிடும். அதே கட்டளைக்குப் பெரிய கோப்பைக் கொடுத்தால் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் மெமரி போதவில்லை என்று நின்றுவிடும். உடனே ஹீப் மெமரியை (நியோ4ஜே வேலை செய்ய ஒதுக்கிய மெமரி) கூட்டத்தான் எல்லாருக்கும் கை போகும். அது கடைசி வேலை. கோளாறு பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்.

பழகுவதற்கு ஐசிஐஜே என்ற சர்வதேசப் புலனாய்வுப் பத்திரிகையாளர் அமைப்பு இலவசமாகத் தரும் ஆஃப்ஷோர் லீக்ஸ் தரவை எடுத்துக்கொள்வோம். 2016-இல் வெளியான பனாமா பேப்பர்ஸ் விவரங்களும் இதில் உண்டு. நிறுவனங்களே 8 லட்சத்துக்கு மேல். நிறுவனம், நபர், முகவரி என்று நோடுகளுக்குத் தனித்தனி சிஎஸ்வி, உறவுகளுக்கு வேறொன்று.

படி 1: கோப்பு படிக்கப்படுகிறதா?

கோப்பை நியோ4ஜேயின் இம்போர்ட் ஃபோல்டரில் போடுங்கள். வேறு இடத்தில் இருந்தால் இயல்பான அமைப்பில் அதைத் திறக்காது. பிறகு கோப்பைப் படிக்கும் லோட் சிஎஸ்வி கட்டளையை எழுதி, லிமிட் 5 வைத்து வரிகளை மட்டும் திருப்பிக் கேளுங்கள். எதையும் உருவாக்க வேண்டாம். தலைப்புப் பெயர்கள் சரியாக வந்தால் போதும், நகரலாம்.

படி 2: இண்டெக்ஸ்

பாதிக்கு மேல் பிரச்சினை இங்கேதான். மெர்ஜ் கட்டளை (இருந்தால் எடுக்கும், இல்லையென்றால் உருவாக்கும்) ஒவ்வொரு வரிக்கும் "இந்த நோடு ஏற்கெனவே இருக்கிறதா?" என்று தேடும். இண்டெக்ஸ் (தேடலை வேகப்படுத்தும் அட்டவணை) இல்லையென்றால் அந்த லேபிளில் (நோடின் வகைப் பெயர்) உள்ள எல்லா நோடுகளையும் பார்க்கும். உறவுகளை ஏற்றும்போது வரிக்கு இரண்டு முனைகள். 8 லட்சம் நோடுகளில் இரண்டு முறை தேடினால் ஒரு வரிக்கு 16 லட்சம், பத்தாயிரம் வரிக்கு 1,600 கோடி! ஆகவே தரவு ஏற்றுவதற்கு முன்பே அடையாள எண் மீது யுனிக் கன்ஸ்ட்ரெய்ன்ட் (ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுக்கும் விதி) போட்டுவிடுங்கள். இண்டெக்ஸும் தானாக வந்துவிடும்.

போட்டும் மெதுவாக இருக்கிறதா? மெர்ஜிலோ, இருப்பதைத் தேடும் மேட்சிலோ லேபிளை எழுதாமல் விட்டிருப்பீர்கள். லேபிள் இல்லாவிட்டால் இண்டெக்ஸ் பயன்படாது. கட்டளைக்கு முன்னால் எக்ஸ்ப்ளெய்ன் என்று சேர்த்து ஓட்டினால் நியோ4ஜே எப்படித் தேடப்போகிறது என்ற திட்டம் தெரியும். 'இண்டெக்ஸ் சீக்' என்று முடியும் பெட்டி இருந்தால் நல்லது. 'நோடு பை லேபிள் ஸ்கேன்' அல்லது 'ஆல் நோட்ஸ் ஸ்கேன்' என்றால் நிறுத்திவிட்டுத் திருத்துங்கள்.

படி 3: தவணையாக ஏற்றுதல்

மொத்தக் கோப்பும் ஒரே ட்ரான்சாக்ஷனில் (ஒன்றாகப் பதியும் வேலைத் தொகுப்பு) போனால் மெமரி நிரம்பும். 'கால்' (CALL) தொகுதிக்குள் வேலையை வைத்து, முடிவில் 'இன் ட்ரான்சாக்ஷன்ஸ்' சேர்த்தால் ஆயிரம் ஆயிரம் வரியாகப் பதியும். பழைய கட்டுரைகளில் வரும் 'பீரியாடிக் கமிட்' 5-ஆம் பதிப்பில் கிடையாது. ப்ரௌசரில் ஓட்டும்போது ட்ரான்சாக்ஷன் பிழை வந்தால், கட்டளையின் தொடக்கத்தில் கோலனும் ஆட்டோவும் சேருங்கள்.

அப்புறம், எக்ஸ்ப்ளெய்ன் திட்டத்தில் 'ஈகர்' என்ற பெட்டி தெரிகிறதா என்றும் பாருங்கள். வரிகளை எல்லாம் சேர்த்து வைத்துவிட்டுத்தான் அது அடுத்ததற்குப் போகும். நோடுகளுக்கு ஒரு ஓட்டம், உறவுகளுக்கு இன்னொரு ஓட்டம் என்று பிரித்தால் பெரும்பாலும் ஒழிந்துவிடும்.

பாதியில் நின்றுபோனால் அதுவரை பதிந்த தவணைகள் அப்படியே இருக்கும். மெர்ஜ் எழுதியிருந்தால் மறுபடி முதலிலிருந்து ஓட்டலாம். க்ரியேட் என்றால் இரட்டிப்பாகும்.

படி 4: ஓடி முடிந்தது, ஆனால் உறவு ஒன்றுகூட இல்லை

பிழைச் செய்தியே வராது என்பதுதான் இதில் எரிச்சல். லோட் சிஎஸ்வி எல்லாவற்றையும் எழுத்துச்சரமாகவே தரும். நோடுகளை ஏற்றும்போது எண்ணை அப்படியே விட்டு, உறவுகளுக்கு மட்டும் எழுத்தை எண்ணாக மாற்றும் 'டு இன்டிஜர்' போட்டால் இரண்டும் பொருந்தாது. இரு இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். அடையாள எண் காலியாக உள்ள வரிகளை வடிகட்டுங்கள். நல் (null, அதாவது காலி) மதிப்பு வந்தால் மெர்ஜ் பிழை காட்டி நின்றுவிடும்.

படி 5: மேற்கோள் குறி

ஃபீல்டு (ஒரு கட்டத்தின் மதிப்பு) பஃபரைவிட (அதைப் படிக்க ஒதுக்கிய இடம்) பெரியது என்று பிழை வந்தால் பஃபரைத் தொடாதீர்கள். எங்கோ ஒரு இரட்டை மேற்கோள் குறி திறந்து மூடாமல் இருக்கிறது, அடுத்த குறி வரும்வரை வரி வரியாக விழுங்கிக்கொண்டு போகிறது. முகவரிக் கோப்புகளில் இதை எதிர்பார்க்கலாம். பிழைச் செய்தியில் வரும் இடத்துக்குச் சற்று முன்னால் தேடுங்கள்.

இவ்வளவும் செய்தும் கோடிக்கணக்கான வரிகள் என்றால் லோட் சிஎஸ்வியை விடுங்கள். மொத்தமாக ஏற்றும் கருவியான நியோ4ஜே அட்மின் இம்போர்ட் அதைவிடப் பல மடங்கு வேகம். ஆனால் முழு இம்போர்ட் காலி டேட்டாபேஸில்தான் ஓடும், தலைப்பு வரியையும் அதற்கேற்ற முறையில் எழுத வேண்டும். ஏதாவது ஒரு முனை இல்லாத உறவுகளைத் தவிர்க்கச் சொல்லும் வசதி உண்டு. எவையெல்லாம் தவிர்க்கப்பட்டன என்பது இம்போர்ட் ரிப்போர்ட் கோப்பில் இருக்கும், முடிந்ததும் அதைத் திறந்து பாருங்கள்.