பாடசாலைக் கண்காட்சியில் 1940–60 மருத்துவ வரலாற்றை வைப்பது எப்படி?

திருகோணமலைப் பக்கம் பாடசாலைக் கண்காட்சி வந்துவிட்டால் விஞ்ஞான அறைச் சுவரில் பிளெமிங், சால்க், வாட்சன், கிரிக் என்று முகங்கள் வரிசையாக ஏறிவிடும், கீழே ஆண்டு, அதற்குக் கீழே ஒரு வரி. பார்க்க வருகிற பெற்றோர் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். இந்த முறை முகங்களை விட்டுவிட்டு, அந்தக் காலத்து ஆய்வாளர்கள் ஒரு விடயம் உண்மைதானா என்று எப்படிச் சரிபார்த்தார்கள் என்பதை வையுங்கள். அந்த இருபது ஆண்டுகளின் பெரிய சாதனை அதுதான் என்பது என் எண்ணம்.

முதலில் மூன்றே மூன்று கதைகளைத் தெரிவு செய்யுங்கள். போலியோ தடுப்பூசி (1955), முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று (1954), புகைத்தலுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பு (1950) எல்லாம் பெரிய விடயங்கள்தான், ஆனால் எல்லாவற்றையும் திணித்தால் ஒன்றும் மனதில் நிற்காது. டிஎன்ஏயை விடவே மனமில்லை என்றால் வையுங்கள், ஆனால் ரோசலின்ட் பிராங்கிளின் பெயர் இல்லாமல் வைக்காதீர்கள். 1952 இல் அவரும் அவருடைய மாணவர் கொஸ்லிங்கும் எடுத்த எக்ஸ் கதிர்ப் படம் இல்லாமல் அந்தக் கதை முழுமையாகாது. 1962 இல் வாட்சனுக்கும் கிரிக்குக்கும் நோபல் பரிசு கொடுத்தபோது பிராங்கிளின் இறந்து நான்கு வருடம்.

நான் வைக்கச் சொல்வது பெனிசிலின், காசநோய் மருந்தான ஸ்ரெப்ரோமைசின், மலேரியா.

பெனிசிலினுக்கு ஒரு பிறிஸ்டல் போர்ட் போதும். 1940 மே 25, ஒக்ஸ்போர்ட். எட்டு எலிகளுக்கும் உயிரைக் கொல்லும் அளவு கிருமியை ஏற்றினார்கள், நான்குக்கு மட்டும் பெனிசிலின் கொடுத்தார்கள். அந்த ஆய்வுக் குழுவில் இருந்த ஹீற்லி என்பவர் இரவிரவாக விழித்திருந்து பார்த்தார். விடிவதற்குள் மருந்து கிடைக்காத நான்கும் செத்துவிட்டன, மற்ற நான்கும் உயிரோடு இருந்தன. எட்டு எலிகளை வரைந்து நான்கைக் கறுப்பாக்கிவிடுங்கள். பக்கத்தில் சிறியதாக 1941 கதையையும் எழுதுங்கள்: அல்பேர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள், தேறி வந்தார், மருந்து போதாமல் அவருடைய சிறுநீரிலிருந்தே பிரித்தெடுத்துத் திரும்பக் கொடுத்தும் பார்த்தார்கள், கடைசியில் மருந்து தீர்ந்து அவர் இறந்துபோனார். இதை வாசிக்கிற யாரும் சும்மா கடந்து போகமாட்டார்கள்.

ஸ்ரெப்ரோமைசினுக்கு ஒரு மேசையே ஒதுக்குங்கள், இதுதான் கண்காட்சியின் நடுப்பகுதி. பிரித்தானியாவில் 107 காசநோயாளிகளை வைத்துச் செய்து 1948 இல் வெளியிட்ட ஆய்வு இது. யாருக்கு மருந்து, யாருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் என்பதை வைத்தியர் முடிவு செய்யவில்லை, ஒட்டிய உறைக்குள் இருந்த அட்டை முடிவு செய்தது. அதையே விளையாட்டாக்குங்கள். 107 சின்ன உறைகள் செய்து 55 இல் மருந்துக்கு எஸ் என்றும் 52 இல் ஓய்வுக்கு சி என்றும் எழுதிய அட்டைகளைப் போட்டு ஒட்டி, நன்றாகக் கலக்கி ஒரு பெட்டியில் வையுங்கள். வருகிறவர் ஒன்றை எடுத்துப் பிரிக்கட்டும், எழுத்தைப் பார்த்து இரண்டு கிண்ணங்களில் சரியானதற்குள் ஒரு மஞ்சாடி விதையைப் போடட்டும். அதற்குப் பிறகுதான் மறைத்து வைத்த முடிவைத் திறந்து காட்ட வேண்டும்: ஆறு மாதத்தில் மருந்து கிடைத்த 55 பேரில் 4 பேரும், ஓய்வு மட்டும் எடுத்த 52 பேரில் 14 பேரும் இறந்தார்கள். தன் கையால் உறையைப் பிரித்தவருக்கு அந்த 14 வெறும் இலக்கமாகத் தெரியாது. எக்ஸ் கதிர்ப் படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கும் யார் எந்தக் குழு என்று தெரியாது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.

மலேரியாவுக்கு இணையத்தில் படம் தேடாதீர்கள். கந்தளாய், தம்பலகாமம், மூதூர்ப் பக்கம் எண்பது கடந்த அம்மம்மா, அப்பப்பா யாராவது உங்கள் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், அவர்களிடம் போங்கள். "உங்களுக்கு மலேரியா வந்ததா?" என்று கேட்டால் ஓம், இல்லை என்று பதில் முடிந்துவிடும். காய்ச்சலில் நடுங்கினால் என்ன குடிக்கத் தந்தார்கள், சுவருக்கு மருந்து அடிக்க வந்தால் சட்டி பானையை எங்கே கொண்டுபோய் வைத்தீர்கள் என்று கேளுங்கள். ஏன் சுவருக்கு அடித்தார்கள் என்பதையும் பலகையில் எழுதுங்கள்: அனோபிலிஸ் நுளம்பு இரத்தம் குடித்த பிறகு உட்சுவரில் உட்கார்ந்து ஆறும், சுவருக்கு அடித்த டிடிரி (DDT) என்ற பூச்சிமருந்து அங்கே மாதக்கணக்கில் நிற்கும். ஒரு கவனம். மூக்கைத் துளைக்கிற நாற்றம் என்று யாராவது சொன்னால் அது டிடிரியாக இருக்காது, 1970களின் பிற்பகுதியில் வந்த மலத்தியோன் என்ற வேறு பூச்சிமருந்தாக இருக்கலாம். அப்போது அவருக்கு எத்தனை வயது, கலியாணம் முடிந்திருந்ததா என்று கேட்டு ஆண்டைப் பிடியுங்கள்.

வரைபுக்கு ஒரு இலட்சம் பேருக்கு ஒரு சென்ரிமீற்றர் எடுங்கள். 1946 இல் இலங்கையில் ஏறத்தாழ 28 இலட்சம் பேருக்கு மலேரியா, ஆகவே 28 சென்ரிமீற்றர். 1963 இல் வெறும் 17 பேர், கோடே கீற முடியாது. அந்த வெற்று இடத்தை அப்படியே விடுங்கள். மருந்து அடிப்பதை நிறுத்தினார்கள், 1968–69 இல் கோடு திரும்பவும் 5 சென்ரிமீற்றரைத் தாண்டியது. மலேரியா அற்ற நாடு என்ற உலக சுகாதார நிறுவனச் சான்று 2016 இல்தான் வந்தது.

அப்புறம், விளக்கம் சொல்ல நிற்கிற பிள்ளைகளுக்கு மனப்பாடப் பேச்சு எழுதிக் கொடுக்க வேண்டாம். உறை மேசையில் கட்டாயம் ஒரு கேள்வி வரும்: "அந்த 52 பேருக்கும் ஏன் மருந்து கொடுக்கவில்லை, பாவம் இல்லையா?" அதற்கு மட்டும் ஆயத்தமாக இருக்கட்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிரித்தானியாவுக்குக் கிடைத்த ஸ்ரெப்ரோமைசின் மிகக் கொஞ்சம், எப்படியும் எல்லோருக்கும் கொடுத்திருக்க முடியாது. இருந்த கொஞ்சத்தையும் கண்டபடி கொடுத்திருந்தால் மருந்து வேலை செய்கிறதா என்பதே அடுத்த நோயாளிக்கும் தெரியாமல் போயிருக்கும்.